ஓதமும் உப்பும்: காரைக்கால் கடற்கரையில் ஆடவர் நோய் ஒன்றன் வரலாறு

1. முன்னுரை

அரசர் செய்த போரும், கோயிற்கு விட்ட கொடையும், வணிகர் நடத்திய வாணிகமும் வரலாற்றாசிரியர் கைக்கு எளிதிற் கிட்டுவன. கல்லும் செம்பும் ஓலையும் அவற்றைப் பொறித்து வைத்துள்ளன. மக்கள் உடலாற் பட்ட துன்பமோ அத்துணை எளிதிற் கிட்டுவதன்று. அதிலும், ஆடையால் மறைக்கப்பெற்று, நாணத்தால் வாய்விட்டுக் கூறப்படாது ஒழிந்த துன்பத்தின் வரலாறு பெரிதும் எழுதப்படாமலே கிடக்கின்றது. காவிரி கடலொடு கலக்கும் தாழ்நிலப் பகுதியில் ஆடவர் பலர் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்த விரைவீக்க நோய் அத்தகைய துன்பங்களுள் ஒன்றாகும். அதன் வரலாற்றை ஒருவாறு தொகுத்து நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்குக் காரைக்காலை நடுவிடமாகக் கொண்டமைக்குக் காரணம் இரண்டு உண்டு. அரசலாறும் திருமலைராசனாறும் பாயும் இச்சிறு நிலம், ஏறத்தாழ 160 சதுரக் கிலோமீட்டர் பரப்பிற்று. 1739இல் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954 நவம்பர் முதல் நாளில் இந்திய ஆட்சிக்குள் வந்து, 1962 ஆகத்து 16ஆம் நாளில் சட்டமுறையாலும் இந்தியாவொடு இணைந்தது. தஞ்சைக் கழனிகள் சூழ்ந்திருக்க, ஆட்சியால் மட்டும் வேறுபட்டிருந்த இவ்வூர், நோய்க்கு ஆட்சி எல்லை இல்லை என்பதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. இது முதற் காரணம். இந்நோயை ஒழிக்கும் முயற்சியில், உப்பின் வழியே மருந்தூட்டும் முறை 1980களில் இங்குச் செய்து பார்க்கப்பட்டது என்பது இரண்டாவது காரணம்.

யாம் இக்கட்டுரையால் நிறுவ விழைவது ஒன்றே. இந்நோய் வரலாற்றில் மறைந்து போனமைக்கு அதன் பெயரும் ஒரு காரணம் ஆயிற்று. அம்மறைவினால் மருத்துவமும் நெடுங்காலம் பாதி வழியில் நின்றது என்பதே அது.

2. சொல்வழக்கு

விரைப்பையில் நீர் கோத்து வீங்கும் நோயைத் தமிழ் மக்கள் பல பெயரால் வழங்கியுள்ளனர். விரைவீக்கம், விரைவாதம், அண்டவாதம், ஓதம் என்பன அவற்றுட் சில. இவற்றுள் ஓதம் என்னுஞ் சொல் நம் கருத்தை ஈர்க்கின்றது. பழந்தமிழில் ஓதம் என்பது கடலையும், கடலின் அலையையும், வெள்ளப் பெருக்கையும், ஈரத்தையும் குறித்து நிற்பது. பிற்கால வழக்கில் அது விரையின் வீக்கத்தையும் குறிக்கலாயிற்று. ஓதக்கால் என யானைக்காலை வழங்குதலும் உண்டு. வாதம் என்னும் வடசொல்லின் திரிபாக ஓதம் வந்ததோ, நீர்ப்பெருக்கு என்னும் பொருளிலிருந்து விரிந்ததோ என்பது சொல்லாராய்ச்சியாளர் தனியே ஆராயற்பாலது. எவ்வாறாயினும், கடல்நீர் கழியினுள் ஏறி நிற்கக் காணும் நெய்தல் நிலத்து மக்கள், உடலினுள் ஏறி நின்ற நீரையும் அச்சொல்லாலேயே கேட்டனர் என்பது நினையத்தக்கது.

இச்சொற்களில் மற்றொரு செய்தியும் புலனாகின்றது. ஓதம், இறக்கம் என்பனவற்றில் உடலுறுப்பின் பெயரே இல்லை. அவையிற் கூறத்தகாத சொல்லை அவையல் கிளவி என்று குறித்து, அதனை மறைத்து மொழிதல் வேண்டும் எனத் தொல்காப்பியம் விதித்தது. நன்னூல் தகுதி வழக்கு மூன்றனுள் இடக்கரடக்கலை ஒன்றாக வைத்தது. இலக்கண நூலார் கண்ட இவ்வழக்கு, நோயாளியின் வாய்மொழியிலும் பொருந்தி நிற்கின்றது. மருத்துவனிடத்தும் மனைவியினிடத்தும் நோயின் இடத்தைக் கூறாமல் நோயைக் கூற ஓதம் என்ற சொல் உதவிற்று. மானத்தைக் காத்தற்கு இது நன்று. ஆயின் மானத்தைக் காத்த சொல்லே நோயையும் காத்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

3. பழைய மருத்துவம்

சித்த மருத்துவ நூல்கள் இந்நோயை வாதநோய்களுள் அடக்கின. கழற்சி என்னும் முட்கொடியின் இலையையும் விதைப் பருப்பையும் ஆமணக்கெண்ணெயொடு சேர்த்து உள்ளுக்குக் கொடுத்தலும், மேலே வைத்துக் கட்டுதலும் தமிழகத்தில் நெடுங்காலமாக வழங்கும் முறையாகும். கழற்சிக்காய் என்ற பெயரைக் கேட்டவுடன் விரைவீக்கத்தை நினைக்குமளவிற்கு அம்மருந்தும் இந்நோயும் நாட்டு மருத்துவத்தில் ஒன்றியிருந்தன.

வடமொழியிற் சுசுருதர் நூல், விரையின் வீக்கத்தை விருத்தி என்று பெயரிட்டுப் பல வகையாகப் பிரித்தது. அவற்றுள் நீர் கோத்தலால் வருவதை மூத்திரத்தால் தோன்றியது எனக் கொண்டு, கூரிய கருவியால் துளைத்து நீரை வடித்து விடும் முறையைக் கூறிற்று. வடித்தல் என்னுஞ் செயல் சரியானதே. ஆயின் தேங்கி நிற்பது சிறுநீர் என்று கொண்டது பொருந்தாது. அந்நீர், விரையைச் சூழ்ந்த இரட்டைச் சவ்வின் இடையிற் சுரந்து தேங்குவது. சிறுநீர்ப்பைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இது சிறுநீரே என்ற எண்ணம் மக்களிடத்தும் பரவி நின்றமையால், நீர் அருந்துதலைக் குறைத்தால் வீக்கம் குறையும் என்பது போன்ற பயனற்ற கட்டுப்பாடுகளுக்கு அது இடந்தந்தது.

வடித்த நீர் மீண்டும் ஊறும். ஆதலின் 1830களில் கல்கத்தாவில் மார்ட்டின் என்னும் ஆங்கில மருத்துவர், நீரை வடித்தபின் அயோடின் கரைசலை உட்செலுத்திச் சவ்வுகளை ஒட்டச்செய்யும் முறையைக் கையாண்டார். அதே காலப்பகுதியிற் பாரிசு நகரத்து வெல்ப்போ என்னும் அறுவை மருத்துவரும் அம்முறையைப் பரப்பினார். பின்னர், சவ்வுப்பையைத் திறந்து அதனைப் புறமாகத் திருப்பித் தைக்கும் அறுவைமுறை இலியோன் நகரத்துச் சபூலே என்பவர் பெயரால் வழங்கலாயிற்று. 1964இல் இலார்டு என்னும் ஆங்கிலேயர், குருதிக் கசிவைக் குறைக்குமாறு சவ்வை மடித்துத் தைக்கும் முறையைக் கூறினார். இவை யாவும் வீக்கத்திற்கு மருந்தேயன்றி, வீக்கத்தின் காரணத்திற்கு மருந்தல்ல.

4. புழுவைக் கண்ட வரலாறு

காரணத்தை அறிந்த வரலாறு வியப்புடையது. 1863இல் பாரிசு நகரில் தெமார்க்கே என்னும் பிரெஞ்சு அறுவை மருத்துவர், கூபா நாட்டு அவானாவிலிருந்து வந்த ஒருவனது விரைவீக்கத்து நீரை வடித்து நுண்ணோக்காடியில் நோக்கியபோது, அதில் நெளியும் நுண்புழுக்களைக் கண்டார். 1866இல் பிரேசில் நாட்டுப் பையாவில் வூக்கரர் என்பவர், பால்போல் வெளுத்த சிறுநீரில் அப்புழுக்களைக் கண்டார். 1872இல் கல்கத்தாவில் இலூயிசு என்பவர் மனிதக் குருதியில் அவற்றைக் கண்டார். 1876இல் ஆத்திரேலியா நாட்டுப் பிரிசுபேனிற் பேங்கிராப்டு என்பவர் முதிர்ந்த தாய்ப்புழுவைக் கட்டியொன்றில் கண்டெடுத்தார். அடுத்த ஆண்டில் விந்துநாளத்தை அடுத்த நீர்வீக்கம் ஒன்றிலிருந்து உயிருள்ள புழுக்களையும் எடுத்தார். 1877இல் சீன நாட்டு அமாயில் மேன்சன் என்பவர், இந்நுண்புழு கொசுவின் உடலில் வளர்ச்சியுறுவதைக் கண்டு கூறினார். 1900இல் இலோ என்பவர் கொசுவின் கொடுக்கினுள்ளேயே புழு இருத்தலைக் காட்ட, கடியின் வழியே நோய் பரவும் என்பது உறுதியாயிற்று.

இவ்வரிசையை உற்றுநோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். இப்புழு முதன்முதல் காணப்பட்டது யானைக்காலில் அன்று. ஆடவனது விரைவீக்கத்து நீரிலேயாம். இரண்டாவதாகக் காணப்பட்டது சிறுநீரில். உயிருள்ள தாய்ப்புழு எடுக்கப்பட்டதும் விந்துநாளத்தின் பக்கலிலேயாம். அங்ஙனமாகவும், உலக வழக்கில் இந்நோய்க்கு நிலைத்த பெயர் காலைப்பற்றியதே ஆயிற்று. கால் வீதியில் எல்லார் கண்ணிலும் படுவது. ஏனையது ஆடையின் அகத்தது.

நோயின் இயல்பைச் சுருங்கக் கூறுதும். தாய்ப்புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் வாழ்வன. ஆடவரிடத்து விரைப்பையின் நிணநீர்க் குழாய்கள் அவற்றுக்கு உவந்த உறைவிடமாகும். அங்கு அவை ஆண்டுக்கணக்கில் உயிர்வாழ்ந்து, எண்ணற்ற நுண்புழுக்களை ஈனுகின்றன. அந்நுண்புழுக்கள் பகலில் நுரையீரலின் நுண்குழாய்களில் ஒதுங்கி, இரவிற் புறக்குருதியில் உலவுகின்றன. இரவிற் கடிக்கும் கொசு அவற்றை உறிஞ்சிக்கொள்கின்றது. குழாய்கள் விரிந்து செயலிழக்க, நீர் வடியாது தேங்குகின்றது. இளமையில் புகுந்த புழு நடுவயதில் வீக்கமாக வெளிப்படும். ஆதலின் கொசுக்கடிக்கும் வீக்கத்திற்கும் உள்ள தொடர்பை முன்னோர் அறியாமற் போனது குற்றமன்று.

5. இரு கடற்கரைகள்

யானைக்கால் என்ற ஒரு பெயர் இரண்டு நோய்களை ஒன்றாக மயங்கவைத்தது என்பதும் ஈண்டுக் கூறற்பாலது. மேலைக் கடற்கரையில் சேர்த்தலைப் பகுதியில், நீரில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேரைப் பற்றி வளரும் கொசுவினாற் பரவிய புழு வேறினத்தது. 1927இல் கிழக்கிந்தியத் தீவுகளில் முதலில் விளக்கப்பட்ட இனம் அது. திருவிதாங்கூரில் இந்நோயை ஆராய்ந்த ஐயங்கார் என்னும் அறிஞரது நூல் 1938இல் வெளிவந்தது. அவ்வினப் புழு முழங்காலுக்குக் கீழே காலை வீக்குவது. ஆடவர் உறுப்பைத் தாக்குவதில்லை என்றே சொல்லலாம்.

சோழமண்டலக் கரையில் உள்ளது பேங்கிராப்டின் பெயர் பூண்ட புழு. அதனைப் பரப்பும் கொசு, ஊர்ச் சாக்கடையிலும் கழிவுக் குட்டையிலும் வளர்வது. காவிரிக் கழிமுகம் வாட்டமற்ற சமநிலம். மழைநீரும் கழிவுநீரும் கடலை நோக்கி விரைந்து ஓடா. ஊர் பெருகப் பெருகச் சாக்கடை பெருகிற்று. சாக்கடை பெருகப் பெருகக் கொசு பெருகிற்று. ஆதலின் கும்பகோணத்திற்கும் காரைக்காலுக்கும் புதுச்சேரிக்கும் இந்நோய் பொதுவாயிற்று. ஒருபால் ஆங்கிலக் கொடியும் ஒருபால் பிரெஞ்சுக் கொடியும் பறந்தமை கொசுவிற்கு ஒரு பொருட்டன்று.

ஆகவே சேர்த்தலையில் யானைக்கால் என்னும் பெயர் நோய் முழுவதையும் தழுவியது; காரைக்காலில் அது நோயின் ஒரு பகுதியை மட்டுமே தழுவியது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, இந்நோயினால் உலகில் விரைவீக்கமுற்ற ஆடவர் ஏறத்தாழ 2.5 கோடி, கால் முதலிய உறுப்பு வீங்கியோர் 1.5 கோடிக்கு மேற்பட்டோர். தொகையில் மிக்கது பெயரில் இல்லை. தொகையிற் குறைந்ததே பெயராய் நின்றது. இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

6. அறுவையும் கருத்தடையும்

இவ்வீக்கத்தின் சுமை உடலளவில் நில்லாதது. வயலில் நாற்று நடக் குனிவோனும், கட்டுமரம் தள்ளுவோனும் இதனால் தொழில் குன்றினர். மணவாழ்க்கை தடைப்பட்டது, மணந்தோர் இல்லறத்து இன்பமும் குலைந்தது. ஆண்மை குறைந்தது என்னும் ஏச்சுக்கு அஞ்சியோர் மருத்துவமனைக்கு வருதற்கும் அஞ்சினர். அவ்வுறுப்பில் கத்தி படுமாயின் ஆண்மையே போய்விடும் என்ற அச்சம் அதன்மேல் ஏறிற்று.

இவ்வச்சம் ஆடவர் கருத்தடையின் வரலாற்றிலும் காணப்படுவதே. கருத்தடை பற்றிய பேச்சு தமிழகத்தில் 1920களின் இறுதியிலேயே எழுந்துவிட்டது. சென்னையில் இதற்கென ஒரு கழகம் தோன்றியது, பெரியார் ஈ. வெ. இராமசாமி பெண்ணுரிமையின் பக்கமாக நின்று கர்ப்பத்தடையை வலியுறுத்தி எழுதினார். அக்காலத்திற் பிரான்சு நாட்டில் கருத்தடைப் பரப்புரையைத் தண்டிக்கும் 1920ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தது. 1967இல் தான் ஆங்குக் கருத்தடை சட்டத்தால் ஏற்கப்பட்டது. காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியினின்றும் நீங்கிய சில ஆண்டுகளிலேயே, 1950களின் பிற்பகுதியில், அன்றைய சென்னை அரசு விந்துநாளத்தை அறுத்துக் கட்டும் அறுவையை ஆடவரிடைப் பரப்பி, செய்துகொண்டோர்க்குச் சிறுதொகையும் வழங்கத் தொடங்கியது. ஆடவர் கருத்தடையில் இந்தியாவிற்கே வழிகாட்டிய முயற்சி அது.

நுனித்து நோக்கின் இவ்விரு வரலாறும் ஒரே மேசையில் வந்து சந்திக்கின்றன. பெரிய விரைவீக்கம் உடையானுக்கு விந்துநாளத்தைக் கண்டு பற்றுதல் அரிது. ஆதலின் வீக்கத்தை முதலிற் போக்கிய பின்னரோ, அதனொடு உடன்சேர்த்தோ அவ்வறுவையைச் செய்தல் வேண்டும் என்பது மருத்துவ விதி. புழுநோய் முற்றி விரைப்பை தடித்திருப்பின் கருத்தடை அறுவையை ஒத்திவைத்தல் வேண்டும் என்பதும் விதியே. ஆகவே இக்கடற்கரையில் கருத்தடைக்கு முன்வந்த ஆடவனைச் சோதித்தல் என்பது, அவன் மறைத்து வைத்த நோயைக் காணும் வாயிலாகவும் அமையத் தக்கது.

அவ்வாயில் பின்னர் பெரிதும் அடைபட்டது. 1975 முதல் 1977 வரை நிலவிய நெருக்கடி நிலையின்போது, நாட்டின் பல பகுதிகளில் ஆடவர் வற்புறுத்தலின்பேரில் அறுவைக்கு உட்படுத்தப்பட்டனர். 1976–77 ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் நடந்த கருத்தடை அறுவைகள் 80 இலட்சத்திற்கு மேற்பட்டன. அவற்றுட் பெரும்பான்மையானவை ஆடவர்க்குச் செய்யப்பட்டன. அதன்பின் ஆடவர் இம்முறையை வெறுத்து ஒதுக்கினர். சுமை மகளிர்மேல் விழுந்தது. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வு, மணமான மகளிருள் 37.9 விழுக்காட்டினர் தாமே கருத்தடை அறுவை செய்துகொண்டவர் என்றும், கணவர் செய்துகொண்டமையாற் பயன்பெறுவோர் 0.3 விழுக்காட்டினரே என்றும் காட்டிற்று. வற்புறுத்தலால் வந்த வெறுப்பு, நலந்தரும் மருத்துவத்தையும் ஐயுற வைக்கும் என்பதற்கு இஃது ஒரு சான்று. விரைவீக்க அறுவைக்கு அழைக்கப்படும் முதியோன், இது கருத்தடைதானோ என அஞ்சுவானாயின் அவனைக் குறைகூறல் தகாது.

7. காரைக்கால் உப்பு

இந்திய அரசு 1955இல் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. நுண்புழுவைக் கொல்லும் டைஎதில்கார்பமசின் என்னும் மருந்து 1947இல் உலகிற்கு அறிவிக்கப்பட்டிருந்தது. ஆயின் அம்மருந்தை உண்ணும்போது, இறக்கும் புழுக்களால் காய்ச்சலும் தலைவலியும் தோன்றுவதுண்டு. நோயென்று உணராது நுண்புழுவைத் தாங்கித் திரிவோர், மருந்தால் நோய் வந்தது என்று கருதி அதனை எறிந்துவிடுவர். இரவில் வீடுதோறும் சென்று குருதி எடுத்துச் சோதித்தலும் எளிதாக இல்லை.

இவ்விடர்களைக் கடத்தற்குக் கண்ட வழியே மருந்திட்ட உப்பு. நூறு பங்கு உப்பில் ஒரு பங்கிற்கும் குறைந்த அளவில் மருந்தைக் கலந்து, அதனையே ஊரார் அனைவரும் சமையலுக்குப் பயன்படுத்துவராயின், நாள்தோறும் சிற்றளவு மருந்து தெரியாமலே உடலிற் சேரும். சமையற் சூட்டில் அம்மருந்து கெடுவதில்லை, சுவையும் மாறுவதில்லை. 1960களிற் பிரேசிலில் ஆக்கிங் என்பவரும் பிறரும் இதனைச் செய்து காட்டினர். சீன நாடு இம்முறையைப் பேரளவிற் கையாண்டு, 2007இல் நோயை ஒழித்த நாடாயிற்று. காரைக்காலில் 1980களிற் செய்யப்பட்ட முயற்சியின் முடிவுகள் 1989இல் ஆய்விதழ் வாயிலாக வெளிப்பட்டன. குருதியில் நுண்புழு தாங்குவோர் தொகையை உப்பின் வழியே பெரிதும் குறைத்தல் கூடும் என்பது அம்முயற்சியாற் பெறப்பட்டது. எல்லை வரையறுக்கப்பட்ட சிறு நிலமாதலின், உள்ளே வரும் உப்பு எது என்று அறிந்து ஒழுங்குசெய்தற்கு இவ்வூர் ஏற்றதாயிருந்தது எனக் கருதலாம்.

உப்பென்றவுடன் இவ்வூரின் முற்காலம் நினைவிற்கு வருகின்றது. 1815ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பைக் கொள்ளும் தனியுரிமையை ஆங்கிலேயர் பெற்றனர். 1818இல், ஆண்டுதோறும் பெறும் ஒரு தொகைக்கு ஈடாகப் பிரெஞ்சுக்காரர் உப்பு விளைத்தலையே கைவிட்டனர். கடல் முன்னே கிடக்க, காரைக்கால் மக்கள் தம் உப்பைத் தாமே விளைக்கும் உரிமையற்றிருந்தனர். வரிக்கும் தடைக்கும் கருவியாய் இருந்த உப்பு, பிற்காலத்து அவர்க்கே மருந்தாயிற்று. இஃது அணிக்காகக் கூறுவதன்று. மக்கள் நாள்தோறும் உண்ணும் பொருள் எதுவோ, அதனைக் கையில் வைத்திருக்கும் அரசு தீமையும் செய்யலாம், நன்மையும் செய்யலாம் என்பது இதனால் விளங்கும்.

8. எஞ்சி நின்றோர்

1997இல் உலக நலவாழ்வுப் பேரவை இந்நோயை ஒழித்தற்குத் தீர்மானித்தது. 2004இல் இந்தியா, நோயுள்ள மாவட்டங்களிலெல்லாம் ஆண்டிற்கொருமுறை யாவர்க்கும் மருந்தூட்டலாயிற்று. நமக்கு அண்மையில் உள்ள இலங்கை 2016இல் நோய் ஒழிந்த நாடென்று சான்று பெற்றது. இந்தியா 2027ஆம் ஆண்டை எல்லையாகக் குறித்துள்ளது.

ஆயின் மாத்திரையும் உப்பும் புதியவர்க்கு நோய் வாராது தடுப்பனவே. முன்பே பெருகிய விரைவீக்கத்தை அவை வற்றச் செய்வதில்லை. அதற்கு அறுவையே மருந்து. கால் வீக்கமோ முற்றிய பின் நீங்குதல் அரிது. தூய்மையாற் பேணத் தக்கதேயன்றித் தீர்க்கத் தக்கதன்று. விரைவீக்கம் அவ்வாறன்று. திறமுடைய மருத்துவர் ஒருமுறை செய்யும் அறுவையால் பெரும்பாலும் தீர்வது. தீர்க்கத்தக்க நோய் மறைந்து கிடக்க, தீராத நோயே பெயர் பெற்று நின்றமை இவ்வரலாற்றின் முரண்பாடாகும்.

நோய் ஒழிந்தது என்னும் சான்றினை ஒரு நாடு பெறுதற்கு, பரவல் நின்றமையைக் காட்டுதல் மட்டும் போதாது. கால் வீங்கியோரும் விரை வீங்கியோரும் எத்துணையர், அவர்க்கு மருத்துவம் எங்குக் கிட்டும் என்பதையும் காட்டுதல் வேண்டும் என்பது உலக நிறுவனத்தின் விதி. எண்ணுதற்கு முதலிற் கேட்டல் வேண்டும். இங்கேதான் சொல்லின் வரலாறு உயிரின் வரலாறாக மாறுகின்றது. வீட்டு வாயிலில் நின்று “யானைக்கால் உண்டா?” என்று வினவுவார்க்கு, ஓதம் உடைய ஆடவன் “இல்லை” என்றே விடை கூறுவான். அவன் பொய் கூறினானல்லன். வினாவே அவனை விட்டுவிட்டது.

ஆதலின் இத்துறையில் தமிழாய்வாளர்க்கும் ஒரு கடமை உண்டு. கழிமுகத்து ஊர்களில் உழவர், பரதவர், நெசவாளர் முதலியோர் இந்நோயை எவ்வெப் பெயரால் வழங்குகின்றனர், எச்சொல்லை நாணமின்றிக் கூறுவர், எச்சொல்லைக் கேட்டால் முகம் சுளிப்பர் என்பவற்றைத் தொகுத்து வைத்தல் வேண்டும். மருத்துவர்க்கு அத்தொகுப்புப் பயன்படும். அவையல் கிளவியை மறைத்து மொழிதல் நம் மொழியின் மரபு; மறைத்து மொழிந்ததனை அறிந்து கேட்டலும் அம்மரபின் பாற்பட்டதேயாம்.